கிரீச்சா, கிரெஷ்ஷா? போர்டு எழுதும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி இதுதான். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் நீங்களும் உங்கள் நாத்தனாரும் சேர்ந்து ஒரு இடம் தொடங்கப் போகிறீர்கள். லாட்ஜ், கடை, ஹோம்ஸ்டே என்று வேலைக்குப் போகிற பெண்களின் கைக்குழந்தைகளைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்த்துக்கொள்ளும் இடம். போர்டு அடிக்கப் போன ஃப்ளெக்ஸ் கடையில் அதை ‘கிரீச்’ என்கிறார்கள். பக்கத்து வீட்டு டீச்சர் ‘கிரெஷ்’ என்கிறார். ஈ எழுத்தின் மேல் ஒரு கோடு போட வேண்டும் என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். இதற்கு நடுவில், ஊருக்கு வந்திருந்த ஒரு அமெரிக்கப் பெண்மணி அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, “கிறிஸ்துமஸ் குடில் செய்து விற்கிறீர்களா?” என்று கேட்டாராம். பேசாமல் இந்தச் சொல்லையே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விட வேண்டாம். நீங்கள் நடத்தப் போகும் இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஆங்கிலப் பெயர் இல்லை. உச்சரிப்பு கிரெஷ். கோடு போட்டாலும் சரி, விட்டாலும் சரி. போட்டால் சரியான கோட்டைப் போட வேண்டும். அந்த அமெரிக்க அம்மா கேட்டதிலும் தப்பில்லை. அவர் ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் உச்சரிப்பு. சி, ஆர், ஈ, சி, ஹெச், ஈ என்று எழுத்துக்கூட்டிப் பார்க்கிற எவருக்கும் ‘கிரீச்’ என்றுதான் வாயில் வரும். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த விதி அப்படி. கடைசியில் ஈ வந்தால் நடுவில் இருக்கும் ஈ நீளும்: சீன், தீம், தீஸ் எல்லாம் அப்படித்தானே. சி-ஹெச் வந்தால் ‘ச்’: டீச், ரீச், பீச். ஆகவே ஃப்ளெக்ஸ் கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர் ஆங்கில விதியை ஒழுங்காகப் போட்டுப் பார்த்திருக்கிறார். சொல்தான் ஆங்கிலச் சொல் இல்லை. பிரெஞ்சிலிருந்து பிற்காலத்தில் வந்த சொல், பிரெஞ்சு உச்சரிப்பையும் கூடவே கொண்டுவந்தது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். பிரெஞ்சிலிருந்து வந்த சொல்லில் சி-ஹெச் எப்போதும் ‘ஷ்’ தானா? அப்படியானால் சேர், சேம்பர், சேஞ்ச், மெர்ச்சன்ட், சீஃப் இதெல்லாம்? அவையும் பிரெஞ்சுச் சொற்கள்தான். இதற்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது. 1066-ல் பிரெஞ்சு பேசிய நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்கப்புறம் இருநூறு முந்நூறு வருடங்களுக்கு ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்து குடியேறின. அந்தக் காலத்துப் பிரெஞ்சில் சி-ஹெச் என்பது ‘ச்’ ஒலிதான். 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் பிரான்சில் அந்த ஒலி மெல்ல ‘ஷ்’ ஆக மாறியது. முன்னாடியே இங்கிலாந்து போய்ச் சேர்ந்த சொற்கள் பழைய ஒலியைப் பத்திரமாக வைத்துக்கொண்டன. பின்னாடி போனவை புது ஒலியோடு போயின. மெஷின், பிரோஷர், பாராஷூட், ஷாம்பெயின், மீசைக்குச் சொல்லும் மஸ்டாஷ் எல்லாம் இரண்டாவது கூட்டம்.

இதற்கு ஒரே ஒரு உதாரணம் போதும். சீஃப் என்பதும் ஷெஃப் என்பதும் பிரெஞ்சில் ஒரே சொல். இரண்டுக்கும் தலைவர் என்றுதான் பொருள். 1300 வாக்கில் ஒரு தடவை ஆங்கிலத்துக்கு வந்தபோது சீஃப் ஆனது. 19-ஆம் நூற்றாண்டில், சமையலறைத் தலைவர் என்ற பொருளில் மறுபடி வந்தபோது ஷெஃப் ஆனது. ஒரே சொல் இரண்டு தடவை வந்து இரண்டு ஒலியோடு உட்கார்ந்திருக்கிறது. கிரெஷ், ஷெஃப் கூட்டத்தைச் சேர்ந்தது. எந்தப் பிரெஞ்சுச் சொல்லாவது புதிதாகக் கண்ணில் பட்டு, சி-ஹெச்சை எப்படிச் சொல்வது என்று தடுமாறினால், அது ஆங்கிலத்தில் ஊறிப்போன பழைய சாதாரணச் சொல்லா, சாப்பாடு, உடை, நாகரிகம் என்று பிற்காலத்தில் வந்த சொல்லா என்று பாருங்கள். பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

அடுத்தது அந்தக் கடைசி ஈ. அது ஒலிக்காது, ‘கிரெஷே’ என்று சொல்லக் கூடாது. அப்படியானால் எதற்கு அங்கே நிற்கிறது? முன்னால் இருக்கும் மெய்யை ஒலிக்க வைப்பதற்கு. இதைக் கொடைக்கானல்காரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ரொம்ப எளிது. நம் ஊர் சலேத் மாதா கோவிலை எல்லாருக்கும் தெரியும். 1866-ல் பிரெஞ்சு இயேசு சபைக் குரு ஒருவர் கட்டிய கோவில். பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் லா சலெத் என்ற கிராமத்தில் 1846-ல் மாதா காட்சி கொடுத்ததாக நம்பப்படுவதால் அந்தப் பெயர். ஆங்கில எழுத்தில் அதை எழுதும்போது கடைசியில் டி, டி, ஈ என்று வரும். நாம் ‘சலேத்’ என்று கடைசி மெய்யை நன்றாக ஒலிக்கிறோம். ஆகஸ்ட் திருவிழாவுக்கு வருகிற கூட்டத்தில் யாரும் ‘சலே’ என்று சொல்வதில்லை. காரணம் அந்த ஈ. அதே டி, பின்னால் ஈ இல்லாமல் நின்றால் ஊமையாகிவிடும்: டிப்போ, பஃபே, பொக்கே. இந்த மூன்றுக்கும் ஆங்கில எழுத்தில் கடைசியில் டி இருக்கிறது, யாரும் ஒலிப்பதில்லை. பஸ் டிப்போவை ‘டிபாட்’ என்று சொல்கிற ஒருவரை நம் பக்கத்தில் பார்ப்பது கஷ்டம். ஆக, விதி ஏற்கெனவே நம் நாக்கில் இருக்கிறது. (டிக்கெட்டும் பிரெஞ்சிலிருந்து வந்ததுதான். அது 16-ஆம் நூற்றாண்டிலேயே வந்து ஆங்கிலத்தோடு கலந்துவிட்டதால் கடைசி ‘ட்’ ஒலிக்கிறது.)

நடு உயிரெழுத்தில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. எகரமும் ஏகாரமும் நமக்குத் தனித்தனி எழுத்து. கிரெஷ் என்பதில் இருப்பது குறில் எகரம். ‘கிரேஷ்’ என்று நீட்டிச் சொல்கிற ஆங்கிலேயர்களும் உண்டு, அகராதிகள் அதையும் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் குறிலோடு சொல்வதுதான் பிரெஞ்சுக்கும் கிட்டம், பரவலாகவும் இருக்கிறது. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். வாயை அகலமாகத் திறந்து ‘கிராஷ்’ என்று சொல்லிவிட்டால், கேட்கிறவர் காதில் விபத்து என்று விழும். குழந்தைகள் இருக்கிற இடத்துக்கு அது வேண்டாம்.

இனி அர்த்தம். உங்கள் கேள்வியில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. அமெரிக்கப் பெண்மணி ஏன் கிறிஸ்துமஸ் குடிலை நினைத்தார்?

பிரெஞ்சில் கிரெஷ் என்பதன் முதல் பொருள், மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டி. கிறிஸ்தவர்கள் பழைய தமிழ் வேதாகமத்தில் படிக்கிற ‘முன்னணை’ அதுதான். மரியாள் குழந்தையைத் துணியில் சுற்றிக் கிடத்திய இடம். அதிலிருந்து, அந்தக் காட்சியைச் சிறு உருவங்களோடு செய்து வைக்கும் குடிலுக்கும் அதே பெயர் வந்தது. அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் 1223-ல் இத்தாலியின் கிரெச்சோ என்ற ஊரில், மாடும் கழுதையும் வைக்கோலும் வைத்து அந்தக் காட்சியை அமைத்தார். குடில் கட்டும் பழக்கம் பரவ அது பெரிய காரணம். நம் மலையில் டிசம்பர் வந்தால் பாருங்கள். பைன் மர ஊசியிலையையும் மரத்தில் உரித்த பச்சைப் பாசியையும் கொட்டி, மேலே வைக்கோல் வேய்ந்து, வீட்டுக்கு வீடு கட்டுகிறார்கள். 24-ஆம் தேதி ராத்திரி வரை நடுவில் அந்தச் சின்னத் தொட்டி காலியாகவே இருக்கும். நள்ளிரவுப் பூசைக்கு அப்புறம்தான் பாலனை வைப்பார்கள். அந்தக் காலித் தொட்டிதான், எழுத்துக்கு எழுத்து, கிரெஷ்.

அமெரிக்க ஆங்கிலத்தில் இந்தக் குடில் பொருள்தான் இன்றும் முதலில் வருகிறது. கொடைக்கானலில் அமெரிக்கர்களின் தொடர்பு 1845-லிருந்து இருக்கிறது; மிஷனரிகள் அந்த வருடம்தான் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1901-ல் அவர்கள் தொடங்கிய பள்ளிதான் இன்றைக்கு இன்டர்நேஷனல் ஸ்கூலாக இருக்கிறது. அதனால் நம் ஊரில் இந்தக் குழப்பம் மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வரலாம்.

நம் கத்தோலிக்க வீடுகளில் குடிலைச் சிலர் ‘கிரிப்’ என்றும் சொல்வார்கள். கிரிப்பும் கிரெஷ்ஷும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். பழைய ஜெர்மானிய மொழிகளில் தீவனத் தொட்டியைக் குறித்த ஒரு சொல், ஒரு கிளையில் நேராக ஆங்கிலத்துக்கு வந்து கிரிப் ஆனது. இன்னொரு கிளையில் ஃபிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தார் வழியாகப் பிரெஞ்சுக்குள் நுழைந்து கிரெஷ் ஆனது. பல நூறு வருடம் கழித்து இரண்டும் ஆங்கிலத்தில் சந்தித்துக்கொண்டன.

சரி, தொட்டி எப்படிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடமானது? அதற்குப் பாரிஸ் நகரத்தில் ஃபிர்மன் மார்போ என்பவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நகரத்தின் ஒரு வட்டத்தில் துணை மேயராக இருந்தவர். ஏழைக் குழந்தைகளுக்கு என்னென்ன ஏற்பாடு இருக்கிறது என்று ஆராய்ந்தபோது, இரண்டு வயதுக்கு மேல் பராமரிப்புக் கூடங்கள் உண்டு, அதற்கு மேல் பள்ளிக்கூடம் உண்டு, இரண்டு வயதுக்குக் கீழே எதுவுமே இல்லை என்று கண்டார். கூலி வேலைக்குப் போகிற தாய் கைக்குழந்தையை என்ன செய்வாள்? 1844 நவம்பர் 14-ஆம் தேதி ஷயோ என்ற பகுதியில் முதல் கிரெஷ் திறந்தது. பெத்லகேமில் இடமில்லாத குழந்தைக்கு இடம் கொடுத்த தொட்டியை நினைத்துத்தான் அந்தப் பெயரை வைத்தார். தாய்மார்கள் பகலில் வேலைக்கு நடுவில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம் என்பது முதலிலிருந்தே அங்கே வழக்கம். சில வருடங்களிலேயே இந்த ஏற்பாடும் அதன் பெயரும் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிவிட்டன.

நீங்கள் செய்யப் போவதும் இதேதான். லாட்ஜில் ரூம் சுத்தம் செய்யப் போகிற பெண், ஏரிக்கரையில் சோளம் சுட்டு விற்கிற பெண், குழந்தையை எங்கே விடுவாள் என்ற அதே கேள்வி. அதனால்தான் இந்தச் சொல்லை விட வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன்.

ஆனால் ஒரே ஆங்கிலச் சொல்லை ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு அளவுக்குப் புழங்குகிறார்கள். பிரான்சில் கிரெஷ் என்றால் மூன்று வயது வரை. மூன்று வயதில் பெரும்பாலும் மழலையர் பள்ளிக்குப் போய்விடுவார்கள், 2019-லிருந்து அந்த வயதிலேயே கல்வி கட்டாயம். அயர்லாந்தில் தினமும் விட்டு எடுக்கும் இடமே கிரெஷ்தான். இங்கிலாந்தில் பெரும்பாலும், தாய் தகப்பன் ஜிம்முக்கோ ஒரு கூட்டத்துக்கோ வந்திருக்கும்போது கொஞ்ச நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அறையைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். தினமும் முழுநாள் விடும் இடம் அங்கே நர்சரி. அமெரிக்காவில் அதற்கு டே கேர். இந்தியாவில் நர்சரி என்றால் எல்.கே.ஜி.க்கு முந்தைய வகுப்பு அல்லது செடி விற்கும் இடம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் செடி விற்கிற நர்சரிதான் முதலில் நினைவுக்கு வரும். ஆகவே உங்கள் போர்டில் நர்சரி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இந்தியாவில் கிரெஷ் என்ற சொல்லுக்குச் சட்டத்தின் பலம் உண்டு. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம், 1976 திருத்தத்துக்குப் பிறகு, முப்பது பேருக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கிரெஷ் இருக்க வேண்டும் என்றது. 1951-ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பி, ரப்பர் தோட்டங்களுக்கு அதையே சொன்னது. அங்கே கணக்கு ஐம்பது பெண் தொழிலாளர்கள். 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனமானாலும் கிரெஷ் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்று சேர்த்தார்கள். 1844-ல் பாரிஸ் தாய்மார்கள் வேலைக்கு நடுவில் வந்து பால் கொடுத்துப் போன வழக்கம், வேறு வடிவில் நம் சட்டத்திலும் இருக்கிறது. ஒன்றிய அரசு நடத்திய தேசியக் கிரெஷ் திட்டம் ஆறு மாதத்திலிருந்து ஆறு வயது வரையான குழந்தைகளுக்கானது. 2022-ல் அதற்குப் பால்னா என்று பெயர் மாற்றினார்கள். இந்தியில் தொட்டில் என்று பொருள். ஆக, ஒரு அதிகாரி, ஒரு மானேஜர், ஒரு வங்கிக்காரர் உங்கள் போர்டைப் பார்த்தால் இது என்ன இடம் என்று ஒரே பார்வையில் புரிந்துகொள்வார். வேறு எந்த ஆங்கிலப் பெயருக்கும் அந்தத் தெளிவு இல்லை.

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும் நம் தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களிலும் வேலை பார்த்த குடும்பங்களுக்கு இது படித்துத் தெரிந்துகொள்ளும் சொல் இல்லை. தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துக்குப் பக்கத்தில் ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம். குறுக்குக் கம்பியில் வரிசையாகப் பழைய சேலைத் தூளிகள். மூலையில் பால் காய்ச்சும் அடுப்பு. ஒரு ஆயா ஒரு கையால் ஒரு தூளியை ஆட்டிக்கொண்டே இன்னொரு குழந்தைக்குக் கஞ்சி ஊட்டுவார். மலையில் மழை பிடித்துக்கொண்டால் துணி காயாது; அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் குழந்தைத் துணிகள் புகை வாசனையோடு தொங்கும். இந்தத் தலைமுறைப் பாட்டிகள் ‘கிரீச்’ என்று சொன்னால் தயவுசெய்து திருத்தாதீர்கள். அவர்கள் வாயில் அது தமிழ்ச் சொல்லாகிவிட்டது. எஸ்டேட் என்ற சொல்லே பழைய பிரெஞ்சிலிருந்து வந்ததுதான். அதை யாரும் பிரெஞ்சுக்காரர் மாதிரி சொல்வதில்லையே. நீங்கள் ஆங்கிலத்தில் பேசும்போதும், ஆங்கிலத்தில் எழுதும்போதும்தான் இந்தத் திருத்தமெல்லாம்.

ஆங்கில வாக்கியத்தில் இதைப் போடும்போது வருகிற சில தடுமாற்றங்களையும் சொல்லிவிடுகிறேன், நோட்டீஸ் எழுதும்போது உதவும். “மை டாட்டர் இஸ் ஸ்டடியிங் இன் கிரெஷ்” என்று எழுதுவதை அடிக்கடி பார்க்கிறேன். கிரெஷ்ஷில் யாரும் படிப்பதில்லை. தூங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், விளையாடுகிறார்கள். “கோஸ் டு எ கிரெஷ்” என்பதே சரி. அந்த ‘எ’வையும் விட்டுவிடக் கூடாது. ஸ்கூலுக்கு முன்னால் ‘எ’ இல்லாமல் “கோஸ் டு ஸ்கூல்” என்று சொல்வதைப் பார்த்து இதற்கும் அப்படியே செய்துவிடுகிறோம். குழந்தையை விட்டுவிட்டுப் போவதற்கு “லீவ் தி சைல்டு அட் தி கிரெஷ்”. ‘கிரெஷ் ஸ்கூல்’ என்று ஒரு போர்டு கண்ணில் பட்டது. இரண்டும் வேறு வேறு, சேர்த்து எழுதினால் எது என்று தெரியாமல் போகும். ‘கிரெஷ் அண்ட் டே கேர்’ என்பதைப் பலர் சொன்னதையே சொல்வதாகக் குறை சொல்வார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. வெளிநாட்டவர் வந்துபோகிற நம் ஊரில் டே கேர் என்ற இரண்டு சொல் அமெரிக்கப் பெண்மணியின் குழப்பத்தைத் தீர்த்துவிடும். பெரிய எழுத்தில் கிரெஷ், கீழே சின்னதாக டே கேர் ஃபார் இன்ஃபன்ட்ஸ், அவ்வளவுதான். டிசம்பர் மாதம் முழுக்க அந்தச் சின்ன வரிக்கு நல்ல வேலை இருக்கும்.

பன்மை கேட்டிருக்கிறீர்கள். எஸ் சேர்த்தால் போதும், உச்சரிப்பு கிரெஷிஸ். பிரெஞ்சில் அந்த எஸ் ஒலிக்காது, ஆங்கிலத்தில் ஒலிக்கும். சிலர் பிரெஞ்சு தெரிந்தவர் போலக் காட்ட ஆங்கிலத்திலும் எஸ்ஸை விழுங்குவார்கள், அது தேவையில்லை. ஆங்கிலத்தில் குடியேறிய சொல் ஆங்கில இலக்கணத்துக்குக் கட்டுப்படும். அதே காரணத்தால் இதைச் சாய்வெழுத்தில் போடவும் வேண்டாம். இன்னும் வெளிநாட்டுச் சொல்லாகவே நிற்பவற்றுக்குத்தான் சாய்வெழுத்து. (விலங்குகளைப் பற்றிப் படிக்கும்போது இந்தச் சொல் வந்தால் திகைக்க வேண்டாம். எம்பரர் பெங்குவின்கள் கடலுக்கு இரை தேடப் போகும்போது குஞ்சுகள் எல்லாம் ஒன்றாக நெருங்கி நிற்கும். அந்தக் கூட்டத்துக்கும் கிரெஷ் என்றுதான் பெயர். பூநாரைக் குஞ்சுகளுக்கும் அப்படியே.)

இப்போது அந்தக் கோடு. முதல் ஈ-யின் தலைமேல் வருவது, இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறங்கும் கோடு. ‘இந்த ஈ-யைத் திறந்த எகரமாகச் சொல்’ என்பதற்கான அடையாளம். எதிர்ப்பக்கமாக, வலது மேலிருந்து இடது கீழாகச் சாயும் கோடு வேறு. கஃபே என்ற சொல்லின் கடைசி ஈ-யில் இருப்பது அது; அதன் ஒலி ஏறத்தாழ ‘ஏ’. கூரை மாதிரிக் குறி இன்னொன்று. பேன்கேக் போல மெல்லிசாகச் சுடும் கிரெப் என்ற பண்டத்தின் பெயரில் அது வரும். ஏரிக்கரைக் கடைப் பலகைகளில் அதைப் பார்த்துவிட்டு இதிலும் போட்டுவிடுகிறார்கள். தப்பான கோடு போடுவதற்குக் கோடே போடாமல் இருப்பது எவ்வளவோ மேல்.

கோடு இல்லாமல் எழுதுவது தப்பா என்றால், இல்லை. அகராதிகள் இரண்டையும் கொடுக்கின்றன, நம் அரசு ஆவணங்களில் பெரும்பாலும் கோடு இல்லாமல்தான் வருகிறது. சில சொற்களில் கோட்டை விட்டால் வேறு சொல்லாகிவிடும். வேலைக்கு விண்ணப்பிக்கும் ரெஸ்யுமேயில் கோடுகளை எடுத்துவிட்டால் ‘மறுபடி தொடங்கு’ என்ற ரெஸ்யூம் ஆகிவிடும். இடத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். கிரெஷ்ஷில் அந்த ஆபத்து இல்லை, கோடு இல்லாவிட்டாலும் வேறு எதனோடும் குழம்பாது. என் யோசனை: போர்டில் எல்லாம் பெரிய (கேப்பிட்டல்) எழுத்தாக இருந்தால் கோட்டை விட்டுவிடுங்கள். நோட்டீஸில் சின்ன எழுத்தில் வந்தால் போடலாம். ஒரே தாளில் ஒரு இடத்தில் போட்டு இன்னொரு இடத்தில் விடாமல் இருந்தால் சரி. இணையத்தில் தேடுகிறவர்கள் கோடு இல்லாமல்தான் தட்டச்சு செய்வார்கள், அதனால் மேப்பில் இடத்தைப் பதியும்போது கோடு வேண்டாம்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது தமிழ்ப் பெயர். உங்களிடம் வரப் போகிற தாய்மார்களில் பாதிப் பேர் முதலில் படிப்பது தமிழ் வரியைத்தான். தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ்தான் மேலே, பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதியும்கூட. அகராதியில் கிரெஷ்ஷுக்குக் ‘குழந்தைகள் காப்பகம்’ என்று போட்டிருக்கும். அர்த்தம் சரி, ஆனால் இன்றைய வழக்கில் பெற்றோர் இல்லாத குழந்தைகள் தங்கி வளரும் இல்லங்களையும் காப்பகம் என்றே எழுதுகிறார்கள். பத்திரிகைச் செய்திகளில் அந்தச் சொல் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. சாயங்காலம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகப் போகிற குழந்தையைக் ‘காப்பகத்தில் விட்டிருக்கிறேன்’ என்று சொல்ல ஒரு தாய்க்கு மனசு வராது. அவள் மாமியாருக்கு இன்னும் வராது. ‘பகல்நேர’ என்ற ஒரு சொல்லை முன்னால் போட்டால் அந்தச் சங்கடம் தீர்ந்துவிடும். ‘பகல்நேரக் குழந்தைகள் காப்பகம்’ என்றோ, இன்னும் மென்மையாகப் ‘பகல்நேரக் குழந்தைப் பராமரிப்பு மையம்’ என்றோ எழுதுங்கள். இரண்டாவதே என் விருப்பம். தமிழ் எழுத்தில் அந்த ஆங்கிலப் பெயரையும் சேர்க்க நினைத்தால் ‘கிரெஷ்’ என்று ஷகரம் போட்டு எழுதிவிடுங்கள். ‘கிரெச்’ என்று எழுதினால் படிக்கிறவர் அப்படியே உச்சரிப்பார்.

ஆக, போர்டில் மேலே பெரிதாகப் பகல்நேரக் குழந்தைப் பராமரிப்பு மையம். அதற்குக் கீழே ஆங்கிலத்தில், கோடு இல்லாமல், கிரெஷ். கடைசி வரியில் சின்னதாக டே கேர் ஃபார் இன்ஃபன்ட்ஸ், குழந்தைகளின் வயது, நேரம், போன் நம்பர். ஃப்ளெக்ஸ் கடையில் அச்சுக்குப் போகும் முன் வாட்ஸப்பில் மாதிரி அனுப்பச் சொல்லுங்கள். ஆங்கிலப் பெயரில் ஈ ஒன்றுக்குப் பதில் இரண்டாக, கிரீச் உச்சரிப்புக்குத் தகுந்த மாதிரி, அவர்களாகவே திருத்தி அடித்துவிடுவது உண்டு. அதை மட்டும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டு ஓகே சொல்லுங்கள்.